அபூர்வமான வேட்டை நாய் எப்படி இருக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது மனிதனோடு சேர்ந்து களத்தில் உழைக்கும் நாயைப் பற்றி. கண்காட்சி மேடையும் வாசல் காவலும் வேறு தொழில்கள். எந்த விலங்கை, எந்தப் பருவத்தில் நாயை வைத்து வேட்டையாடலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் வேட்டையே குற்றம். உங்கள் சட்டத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு நாயை அபூர்வமானது என்று எதை வைத்துச் சொல்வது?

காலையில் முதல் ஒரு மணி நேரத்தை வைத்துச் சொல்லாதீர்கள். அப்போது எல்லா நாயும் புலிதான். ஐந்தாவது மணி நேரத்தில், கால் கனத்து, நெடுநேரமாக எதுவும் அகப்படாத வெறுப்பில், அடுத்த புதருக்குள் எப்படி நுழைகிறது என்று பாருங்கள். சாதாரண நாய் புதரைச் சுற்றிவிட்டு வந்துவிடும். நல்ல நாய் நுழையும். அபூர்வமான நாய் காற்றின் கீழ்ப்பக்கம், அதாவது புதரைத் தாண்டி வரும் காற்று மேலே படும் பக்கம், போய் நின்று, மோந்து, நுழைய வேண்டியதா இல்லையா என்று முடிவு செய்து, தன் பலத்தை மிச்சம் பிடிக்கும்.

உந்துதல் (இரையைத் தேடிப் போகும் துடிப்பு), மூக்கு, ஒத்துழைப்பு, உடம்பு என்று நான்கையும் பார்க்க வேண்டும். மூன்றில் பத்துக்குப் பத்தும் ஒன்றில் மூன்றும் வாங்கும் நாயைவிட, நான்கிலும் எட்டு வாங்கும் நாயோடு போனவர் கையில்தான் மாலையில் அதிகம் இருக்கும். வேகத்தைக் கண்டு மயங்கவேண்டாம். நாய் கடந்துபோன இடத்தில் பின்னால் வருபவரின் காலடியிலிருந்து எத்தனை பறவை எழும்பியது, அடிபட்டு விழுந்ததில் எத்தனை கிடைக்காமல் போனது என்று ஒரு பருவம் முழுக்கக் குறித்து வையுங்கள். நாயின் தரம் அந்த நோட்டில் தெரிந்துவிடும்.

எல்லா இனத்துக்கும் ஒரே அளவுகோலா?

இல்லை. கிரேஹவுண்ட், சலூகி போன்றவை கண்ணால் பார்த்துத் துரத்துபவை; கூப்பிட்டவுடன் துரத்தலை விட்டுத் திரும்பவில்லை என்று அவற்றைக் குறை சொல்வதில் பொருளில்லை. பீகிள், பிளட்ஹவுண்ட் தரைத்தடம் பிடிப்பவை. அவற்றுக்குப் பொறுமை வேண்டும். தடத்தில் குரல் கொடுக்கும் பீகிளுக்குக் குரலும் வேண்டும். பாய்ண்டரும் செட்டரும் பறவையின் வாடை காற்றில் வந்ததும் அசையாமல் நின்று காட்ட வேண்டும். ஸ்பானியல் துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள் பறவையைக் கிளப்ப வேண்டும். ரிட்ரீவர் உட்கார்ந்து, விழுவதைக் கண்ணில் வைத்து, சொன்னபின் போய் எடுத்து வர வேண்டும். டெரியர் வளைக்குள் தனியாக இறங்கும். அதற்குத் துணிச்சல் வேண்டும், முரட்டுத்தனம் வேண்டாம். வளைக்குள் கடித்துக்கொண்டு நிற்கும் டெரியர் முகம் கிழிந்து வரும். தள்ளி நின்று குரைக்கும் டெரியர்தான் பல வருடம் உழைக்கும்.

ஜெர்மன் ஷார்ட்ஹேர்ட் பாய்ண்டர், வைஸ்லா போன்றவை தேடல், நின்று காட்டல், எடுத்து வரல், தண்ணீர், அடிபட்ட விலங்கின் தடம் என எல்லாவற்றுக்கும் வளர்க்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் அந்தந்தத் தனித்துறை நாயைவிட ஒரு படி குறைவாக இருக்கலாம். ஒரே நாய் வைத்துக்கொள்பவருக்கு அது நட்டமில்லை.

மூக்கு நல்ல மூக்கா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரே நாளில் முடியாது. மோப்பம் பாதி நாயினுடையது, பாதி வானிலையுடையது. லேசான ஈரம், மிதமான குளிர்ச்சி, மெல்லிய நிலையான காற்று இருந்தால் சுமாரான மூக்கும் சூரன்போலத் தெரியும். நண்பகல் வெயிலில் காய்ந்த தரையில் நல்ல மூக்கும் தடுமாறும். அதனால் குறைந்தது நான்கைந்து நாள், வெவ்வேறு வானிலையில் பாருங்கள்.

எளிய சோதனை ஒன்று. கூண்டில் ஒரு பறவையைப் புல்லுக்குள் மறைத்து வையுங்கள். நாய் பார்க்கக் கூடாது. நீங்கள் நடந்துபோன தடத்தை அது பின்பற்றாதபடி காற்றின் மேல்பக்கமாகச் சுற்றிப் போய் வைத்து அதே வழியில் திரும்புங்கள். பிறகு, 60, 70 மீட்டர் கீழ்க்காற்றில் நாயை அவிழ்த்து, காற்றுக்குக் குறுக்கே தேடவிடுங்கள். தலை சட்டென்று திரும்பும் இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, அங்கிருந்து கூண்டுவரை அடி போட்டு அளந்து எழுதுங்கள். அதே நாளில், அதே வயலில் இரண்டு நாயை விட்டுப் பார்த்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

மூக்கின் கூர்மையைவிட, மூக்கைப் பயன்படுத்தும் விதம் முக்கியம். வாடை காற்றில் கூம்பு வடிவில் பரவும்: மூலத்தில் குறுகி, தள்ளிப் போகப்போக விரிந்து மங்கும். அனுபவப்பட்ட நாய் அந்தக் கூம்பின் ஓரத்தைத் தொட்டதும் குறுக்கே வெட்டி, மறு ஓரத்தைக் கண்டு, நடுவைப் பிடித்து மேலேறும். காற்று முதுகுப்பக்கம் வீசினால், நேரே முன்னால் ஓடாமல் அகல வளைந்து தூரம் போய், உங்களை நோக்கித் தேடிக்கொண்டு வரும். இதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. அது பலவிதக் காற்றில் பலமுறை போய் வந்து தானாகக் கற்பது. வாரம் ஒருமுறை ஒரே வயலுக்குக் கூட்டிப்போகும் நாய் அந்த வயலைத்தான் கற்கிறது.

தரைத்தடம் பிடிக்கும் நாயைத் தடம் அறுந்த இடத்தில் பாருங்கள். முயல் திரும்பி ஓடியிருக்கும், அல்லது ஆடு மாடு குறுக்கே போயிருக்கும். மோசமான நாய் அதே திசையில் குரைத்துக்கொண்டே ஓடும். நல்ல நாய் வாயை மூடிக்கொண்டு, கடைசியாக வாடை இருந்த இடத்துக்கே வந்து, அங்கிருந்து சிறு வட்டம், பிறகு பெரு வட்டம் என்று போடும்.

மூச்சிரைக்கும் நாயின் மூக்கு பாதி வேலைதான் செய்யும். வாய் வழியே காற்று போகும்போது மோந்து பார்க்கும் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. மூக்கு மட்டம் என்று ஒதுக்கப்படும் நாய்களில் பல, உடல் தயார் இல்லாத நாய்கள். எட்டு வாரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

உந்துதல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா?

ஓரளவுக்கு. உந்துதல் இல்லாத நாய்க்குள் அதை ஊற்ற முடியாது. இருப்பதை அடக்கித் திருப்ப முடியும். ஆகவே தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் மிகுதியாக இருப்பதே மேல். ஆனால் வீட்டுக்கு வந்தபின் மூலையில் சுருண்டு தூங்கத் தெரியாத நாய், வண்டியிலேயே அலறி அலறிப் பாதிச் சக்தியைத் தீர்த்துவிடும். கூண்டில் இரண்டு மணி நேரம் அமைதியாகக் கிடந்து, கதவு திறந்ததும் நெருப்பாகக் கிளம்பும் நாய்தான் வேண்டும்.

எவ்வளவு தூரம் போய்த் தேடலாம்?

துப்பாக்கி எட்டும் தூரமும் செடியின் அடர்த்தியும் முடிவு செய்யும். பறவையைக் கிளப்பும் ஸ்பானியல் 25, 30 மீட்டரைத் தாண்டினால் எழும்புவதெல்லாம் வீண். நின்று காட்டும் பாய்ண்டர் திறந்த வெளியில் 200 மீட்டர் போனாலும் பாதகமில்லை, நீங்கள் போய்ச் சேரும்வரை நிற்குமானால். அடர்ந்த காட்டில் அதே நாய் 50 மீட்டருக்குள் சுருங்க வேண்டும். இடம் பார்த்துத் தானே சுருங்கி விரியும் நாயிடம் விசிலுக்கு வேலையே இருக்காது.

ஒத்துழைப்பு என்று நாங்கள் சொல்வது கீழ்ப்படிதலை மட்டுமல்ல. சில நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி நீங்கள் எங்கே என்று பார்த்து, நீங்கள் திரும்பிய பக்கம் தன் தேடலையும் திருப்பும் நாயிடம் அது இருக்கிறது. குட்டியிலேயே இதை வளர்க்கலாம்: சொல்லாமலே திசை மாறி நடங்கள், ஒரு மரத்தின் பின் ஒளியுங்கள். உங்களைக் கண்ணில் வைத்துக்கொள்வது தன் பொறுப்பு என்று குட்டி கற்கும். ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தால், சத்தம் வரும்வரை நீங்கள் அருகில்தான் இருக்கிறீர்கள் என்று நினைத்து இன்னும் தூரம் போகும்.

குட்டியிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஏழெட்டு வாரக் குட்டியில் தெரிவது குறைவு. கயிற்றில் கட்டிய இறகைக் கண்டு குட்டி அசையாமல் நிற்பதைப் படம் பிடித்துப் போடுவார்கள், பார்க்க அழகு. அது கண் செய்யும் வேலை. மூக்கைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

தாயையும் தந்தையையும் களத்தில் பாருங்கள், முடிந்தால் பிற்பகலில். இதே இணையின் முந்தைய ஈற்றுக் குட்டிகள் இப்போது என்ன செய்கின்றன என்று விசாரியுங்கள். ஒரு குட்டி கெட்டிக்காரன் என்றால் அது அதிர்ஷ்டமாக இருக்கலாம். எட்டில் ஆறு உருப்படியாக வேலை செய்தால் அது ரத்தம். இரு பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே அறிக்கையைக் கேளுங்கள். லாப்ரடார் என்றால், கடும் ஓட்டத்தில் பின்னங்கால் தளர்ந்து விழும் நோய்க்கான மரபணுச் சோதனையையும் கேளுங்கள். அந்த நோயுள்ள நாய் 5 முதல் 20 நிமிடக் கடும் ஓட்டத்தில் சரியும். மற்ற நேரத்தில் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.

குட்டியிடம் ஒன்றைச் சோதியுங்கள்: பின்னால் ஒரு தகரத்தைக் கீழே போடுங்கள். துள்ளுவது பிழையில்லை. துள்ளியபின் எத்தனை நொடியில் அதை மோந்து பார்க்க வருகிறது என்பதே கேள்வி. வராமலே ஒடுங்கும் குட்டியை விட்டுவிடுங்கள்.

வாங்கிய பின் முதல் வாரங்கள் வீணாகக் கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம்வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அது உலகின் இயல்பு என்று ஏற்கும். உயரமான புல், ஆழமற்ற வெதுவெதுப்பான நீர், வண்டி, அந்நியர், ஆடு மாடு எல்லாம் இக்காலத்திலேயே. குளிர்ந்த நீரில் குட்டியைத் தூக்கிப்போட்டு நீச்சல் பழக்குகிறேன் என்பவரிடம் நாயை விட்டுவைக்காதீர்கள்.

தேர்வுகளில் வாங்கும் மதிப்பெண்ணை நம்பலாமா?

விற்பவரின் வாய்ச்சொல்லைவிட நம்பலாம். ஜெர்மனியில் 1899இல் தொடங்கிய வேலைநாய்ச் சங்கக் கூட்டமைப்பின் தேர்வுகள், வசந்தத்தில் இளம் நாயின் பிறவிக் குணத்தையும் இலையுதிர் காலத்தில் பயிற்சியையும் தனித்தனியே அளக்கின்றன. வட அமெரிக்காவில் பல்திறன் வேட்டை நாய்களுக்காக 1969இல் தொடங்கிய சங்கத்தின் பிறவித்திறன் தேர்வு 16 மாதத்துக்கு உட்பட்ட நாய்க்கு. மூக்கு, தேடல், நீர், நின்று காட்டல், தடம், உந்துதல், ஒத்துழைப்பு என ஏழையும் பார்க்கிறது. மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு மூக்கு, உந்துதல் என்ற இரண்டு வரிகளை மட்டும் படியுங்கள். மற்றவற்றில் பயிற்சியாளரின் கை கலந்திருக்கும்.

உடலமைப்பில் எதைப் பார்ப்பது?

முதலில் பாதம். விரல்கள் இறுகி, அடித்தோல் தடித்திருக்க வேண்டும். விரிந்த பாதத்தில் முள்ளும் புல்லின் கூர்முனையும் ஏறும். அடுத்து தோள்: தோள்பட்டை சாய்ந்திருந்தால் முன்கால் நீளமாக வீசும், செங்குத்தாக இருந்தால் ஒவ்வொரு அடியும் முதுகைக் குலுக்கி நாயைச் சீக்கிரம் களைப்பாக்கும். நெஞ்சு ஆழமாக இருக்கட்டும், பீப்பாய்போல அகலமாக வேண்டாம். கீழிமை தொங்கினால் புல்விதை சேரும்.

எடை விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். விலா எலும்பு கைக்குச் சட்டென்று தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். கொழுகொழு வேட்டை நாய் என்று ஒன்று கிடையாது. எலும்பின் வளர்முனைகள் பெரிய இனங்களில் 12 முதல் 18 மாதத்தில்தான் மூடும். அதற்குமுன் சைக்கிள் பக்கத்தில் ஓடவிடுவதும் உயரத்திலிருந்து குதிக்கவிடுவதும் மூட்டைக் கெடுக்கும்.

துப்பாக்கிச் சத்தத்தை எப்படிப் பழக்குவது?

அவசரப்பட்டுக் கெடுப்பவர்கள் அதிகம் உள்ள இடம் இது. துப்பாக்கி சுடும் மைதானத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்திப் பழக்குவது, ஒரே நாளில் ஒரு நல்ல நாயை நாசமாக்கும் வழி.

குட்டி பறவையையோ டம்மியையோ (எடுத்து வரப் பழக்க எறியும் போலி இரை) வெறியோடு துரத்தும் நிலைக்கு வந்தபின் தொடங்குங்கள். உதவிக்கு ஒருவர் 100 மீட்டர் தள்ளி, ஓட்டப்பந்தயத்தில் சுடும் வெற்றுக் கைத்துப்பாக்கியுடன் நிற்கட்டும். குட்டி துரத்தலின் உச்சத்தில் இருக்கும்போது ஒரே ஒரு வெடி. நீங்கள் குட்டியைத்தான் பார்க்க வேண்டும். காதை மட்டும் ஆட்டிவிட்டுத் தொடர்ந்தால் போதும், அன்றைக்கு முடிந்தது. அடுத்த முறை 80 மீட்டர். எட்டுப் பத்து அமர்வுகளில் 20 மீட்டருக்கு வரலாம். அதன்பிறகு பெரிய துப்பாக்கிக்கு மாறும்போது மறுபடி 100 மீட்டரிலிருந்து. வாலை இடுக்கினாலோ உங்களிடம் ஓடி வந்தாலோ, சில நாள் விட்டு, இரட்டைத் தூரத்தில் தொடங்குங்கள். அணைத்துத் தேற்றவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம்.

பழகிய நாயின் தலைக்கு மேலாகவும் சுடாதீர்கள். அதன் செவியும் கெடும்.

கவ்வும்போது இரையை நசுக்குகிறது. திருத்த முடியுமா?

முதலில் அது நாயின் குற்றமா என்று பாருங்கள். பறவையின் தலை உங்களைப் பார்க்கும்படி உள்ளங்கையில் வைத்து, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் விலாவின் இருபுறமும் தடவுங்கள். இருபுறமும் நொறுங்கி உள்ளே போயிருந்தால் கடுவாய், அதாவது இரையை நசுக்கும் வாய். ஒருபுறம் மட்டும் என்றால் குண்டோ விழுந்த அதிர்ச்சியோ காரணமாக இருக்கலாம். ஒரு பறவையை வைத்துத் தீர்ப்பு எழுதவேண்டாம்.

பிறவியிலேயே கடுவாயாக இருந்தால் திருந்துவது அரிது. அந்த நாயை இனவிருத்திக்கு விடாதீர்கள். மற்றவை மனிதர் செய்த தவறுகள்: குட்டியோடு துணி இழுத்து விளையாடியது, 4 முதல் 6 மாதத்தில் பல் விழும் வலியில் எடுத்து வரச்சொன்னது, வாயிலிருந்து வெடுக்கென்று பிடுங்கியது. நாய் வந்ததும் உடனே வாங்காமல், கழுத்தைத் தடவி அது பிடித்துக்கொண்டிருப்பதைப் பாராட்டி, பின் கீழிருந்து கைகொடுத்து வாங்குங்கள்.

பறவை எழும்பியதும் துரத்திக்கொண்டு ஓடுகிறது. எப்படி நிறுத்துவது?

பத்து டம்மி எறிந்தால் இரண்டு மூன்றை மட்டும் நாய் எடுக்கட்டும். மீதியை நீங்களே நடந்துபோய் எடுங்கள், நாய் உட்கார்ந்து பார்க்கட்டும். விழுவதெல்லாம் தனக்கல்ல என்ற எண்ணம் வந்துவிட்டால் மற்றது எளிது. நீண்ட ஒரு விசிலுக்கு உட்கார்தல், தொடர்ச்சியான குறுவிசிலுக்குத் திரும்பி வரல். இந்த இரண்டும் பத்து மீட்டர் கயிற்றில் பிசகாமல் வந்தபிறகே உயிருள்ள பறவை. அதற்குமுன் ஒருமுறை துரத்திப் பிடித்துவிட்டால் ஒரு மாதப் பயிற்சி போயிற்று.

கண்டதைக் காணாததுபோல் ஒதுங்குகிறது, சும்மா குரைக்கிறது, தடத்தைத் தலைகீழாக ஓடுகிறது. ஏன்?

மூன்றுக்கும் வேர் வேறு. பறவையை மோந்தபின் விலகிப் போகும் நாய், பறவை இருக்கும் இடத்தில் அடியோ பயங்கரச் சத்தமோ வாங்கியிருக்கும். துப்பாக்கியும் அதட்டலும் இல்லாமல் பல வாரம் பறவையோடு விட வேண்டும். தடமில்லாமல் குரைக்கும் நாய் பெரும்பாலும் கூட்டத்தில் கெட்டுப்போனது. தனியாகவோ, வாய் கட்டுப்பாடுள்ள ஒரு கிழ நாயோடோ ஓடவிட்டால் சிலது திருந்தும். விலங்கு வந்த வழியே பின்னோக்கி ஓடுவது இளம் நாயில் சகஜம். சில அடி ஓடியதும் வாடை மங்குகிறதே என்று தானே திரும்புகிறதா என்று பாருங்கள். இரண்டு வயதுக்குப் பிறகும் திரும்பாவிட்டால் நம்பிக்கை குறைவு.

அடிபட்ட விலங்கைத் தேடும் நாய்க்கு என்ன வேண்டும்?

அவசரமின்மை. ஜெர்மன் மேல்நிலைத் தேர்வில், கால் லிட்டர் ரத்தத்தில் 400 மீட்டர் போட்டு சில மணி நேரமோ ஓரிரவோ ஊறிய தடத்தை நாய் முடிக்க வேண்டும்; தனி ரத்தத்தடத் தேர்வில் அதே கால் லிட்டரில் 1,000 மீட்டர், 20 அல்லது 40 மணி நேரம் பழையது. ஆறு முதல் பத்து மீட்டர் கயிற்றில், நடையின் வேகத்தில் தலை தாழ்த்திப் போகும் நாய்தான் இதை முடிக்கும்.

குண்டு பட்ட இடத்தை யாரும் மிதிக்காமல் ஒரு கிளை நட்டுக் குறியுங்கள். வயிற்றில் பட்ட மானை உடனே தொடர்ந்தால் எழுந்து எழுந்து ஓடும். நாலைந்து மணி நேரம் விட்டால் முதலில் படுத்த இடத்திலேயே கிடைக்கக்கூடும். நாய் ஒரு பக்கம் இழுக்க, விலங்கு அங்கே போயிருக்காது என்று கயிற்றைப் பிடித்தவர் மறுபக்கம் திருப்பினால் பெரும்பாலும் தவறு செய்வது அவர்தான். ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் நின்ற இடத்திலும் குளம்பு மண்ணில் விட்ட வாடை நாய்க்கு இருக்கும்.

வேட்டை நாளில் என்ன, எப்போது கொடுப்பது?

நீண்ட உழைப்புக்கு நாயின் எரிபொருள் கொழுப்பு. பருவத்தில் ஏறக்குறைய 30 சதவீதப் புரதமும் 20 சதவீதக் கொழுப்பும் உள்ள உணவு ஏற்றது. ஆறு முதல் எட்டு வாரம் முன்பே சிறிது சிறிதாக மாற்றுங்கள். 25 கிலோ நாய்க்குச் சாதாரண நாளில் சுமார் 1,450 கிலோகலோரி போதும். கடும் உழைப்பு நாளில் இரு மடங்குகூடப் போகும்.

பெரிய வேளை உணவை முந்தின மாலையே கொடுத்துவிடுங்கள். வயிறு நிறைய ஓடும் ஆழ்நெஞ்சு நாய்க்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. சில மணி நேரத்தில் உயிரையே எடுக்கும். இடையில் இளைப்பாறும்போது ஒரு பிடி உணவு கொடுத்தால் நடுக்கமும் தள்ளாட்டமும் வராது. தண்ணீர் அரைமணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. வேலை முடிந்து மூச்சு தணிந்து, ஒரு மணி நேரம் கழித்து உணவு.

வெயிலில் எப்போது நிறுத்துவது?

நாய் நிறுத்தாது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். உந்துதல் அதிகமான நாய்தான் முதலில் விழும். நாக்கு நுனி கரண்டிபோல அகன்று தொங்குவது, ஈறு செங்கல் நிறமாவது, எச்சில் கெட்டியாவது, நேர்கோட்டில் நடக்க முடியாமல் போவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வேலை முடிந்தது. சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி விடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைக்கும். 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தி, தெளிந்துவிட்டதுபோல் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் குளிர்விப்பு, பிறகு பயணம்.

எத்தனை வயதுவரை உழைக்கும்?

பெரும்பாலானவற்றுக்கு மூன்று முதல் ஏழு வயது உச்சம். எட்டுக்குப் பின் கால் தளர்ந்தாலும் மூக்கும் புத்தியும் பல வருடம் நிற்கும். அரைநாள் வேலை, ஒருநாள் ஓய்வு என்று வைத்துக்கொள்ளலாம். விசிலுக்குத் திரும்பவில்லை என்று கோபப்படுமுன் காதைச் சோதியுங்கள்.

எந்த வயதானாலும் வண்டியில் ஏற்றுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு விரலிடுக்கிலும் விரலை விட்டுப் பாருங்கள், காதுக்குள் எட்டிப் பாருங்கள், இமையைக் கீழே இழுத்து உப்புநீரால் கழுவுங்கள், அக்குளையும் தொடையிடுக்கையும் உண்ணிக்காகத் தடவுங்கள். விரலிடுக்கில் அன்றே எடுக்காத ஒரு புல்லூசி தோலுக்கடியில் நகர்ந்து, பத்து நாளில் சீழ்க்கட்டியாக எழும்பும். அப்போது கத்திதான் வைக்க வேண்டியிருக்கும்.